புல்லுக்கு இறைத்த நீர்

கோல்ஃப் பற்றி எனக்கு ரொம்ப காலமாக ஒரே அபிப்பிராயம்தான். ஊர்க் கிணறுகள் வற்றிக் கிடக்கும்போது நூற்றைம்பது ஏக்கர் புல்லுக்கு ராத்திரி பூராவும் மோட்டார் ஓடுகிறது என்றால், அதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கோயம்புத்தூரில் பம்ப் வியாபாரம் செய்கிறவன் நான். போர் ஆயிரம் அடியைத் தாண்டிப் போவதையும், தாண்டியும் புழுதி மட்டும் வருவதையும் பக்கத்தில் நின்று பார்த்து வந்த எரிச்சல் அது. என் மனைவியின் தம்பி கோல்ஃப் ஆடத் தொடங்கிய பிறகு வீட்டு விசேஷங்களில் எங்கள் இரண்டு பேருக்கும் இதுதான் சண்டை. "மாமா, ஒரு தடவை வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க" என்பான். "பாக்காமயே பேசலாம் மாப்ளே, கரன்ட் பில்லைப் பாத்தாலே போதும்" என்பேன். அவன் அக்கா வந்து சாப்பிடக் கூப்பிடுவாள், அதோடு முடியும்.

2023 நவம்பரில் தாய்லாந்து நமக்கு விசாவை எடுத்துவிட்டது. அதற்கப்புறம் அவன் கூட்டத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. 2024இல் மட்டும் இந்தியாவிலிருந்து 21 லட்சம் பேர் அங்கே போயிருக்கிறார்கள். அதில் கோல்ஃப் மட்டைப் பையை ட்ராலியில் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் கொஞ்சம்தான், ஆனால் செலவு செய்வதில் அவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. அப்படி ஒரு பட்டாயா டிரிப்பில் ஒருவர் கடைசி நேரத்தில் வரமுடியாமல் போக, ரூமுக்குக் கட்டின பணம் வீணாகிறதே என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். நான் ஆடவில்லை. பேட்டரி வண்டியில் உட்கார்ந்து சுற்றினேன், பம்ப் ஹவுஸைத் தேடிப் போய்ப் பார்த்தேன், மோர் மாதிரி எதுவும் கிடைக்காததால் இளநீர் குடித்தேன். திரும்பி வந்ததிலிருந்து இந்த விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மனசு மாறிவிட்டது என்று மாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்படி இல்லை. ஆனால் எனக்கு எதிலே கோபம் என்பது கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது, அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

ரயில்வேக்காரர்கள், ராணுவக்காரர்கள், அப்புறம் மனை வியாபாரிகள்

வெயில் இருக்கிறது, கடல் இருக்கிறது, டூரிஸ்ட் வந்தான், கோல்ஃப் வளர்ந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தாய்லாந்தின் கதை அப்படிப் போகவில்லை. அங்கே விளையாட்டைக் கொண்டுவந்தது ரயில்வே. பாங்காக்கிலிருந்து தெற்கே போகிற பாதையில் ஹுவா ஹின் என்ற கடலோர ஊரில், ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே, 1924இல் மைதானம் போட்டார்கள். வடிவமைத்தவர் ரயில்வேயில் இருந்த ஸ்காட்லாந்து எஞ்சினியர். ராஜாவும் பிரபுக்களும் கோடைக்கு அங்கே வருவார்கள். 1932 ஜூனில் பாங்காக்கில் புரட்சி நடந்து மன்னராட்சியின் முழு அதிகாரமும் போனபோது, மன்னர் ஏழாம் ராமர் ஹுவா ஹின்னில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார், சேதி அங்கே வந்துதான் சேர்ந்தது என்று சொல்வார்கள்.

அதன் பிறகு ராணுவம். இந்த விஷயத்தை நம் ஆட்கள் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அங்கே தரைப்படைக்கு, விமானப்படைக்கு, அணைகளை நடத்துகிற மின்வாரியத்துக்கு என்று ஆளாளுக்குச் சொந்தமாக மைதானம் உண்டு. பாங்காக்கின் டான் முயாங் விமான நிலையத்தில் இறங்கும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் தெரியும், இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவே பச்சையாக ஒரு கோல்ஃப் மைதானம், விமானப்படையுடையது. ஆடுகிறவர்கள் ஓடுபாதைப் பக்கம் போக சிவப்பு விளக்கு அணையும்வரை நிற்க வேண்டும். நம் ஊர் ரயில்வே கேட்டில் நின்ற அனுபவம் இருப்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. இந்த ராணுவ மைதானங்களால் ஒரு பெரிய உபகாரமும் நடந்திருக்கிறது. லோப்புரி என்ற படைநகரத்தில் மைதானத்துக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்த தொங்சாய் ஜைடீ, மூங்கில் கழியில் பழைய மட்டையின் இரும்புத் தலையைச் செருகி ஆடக் கற்றுக்கொண்டவர். பாராசூட் படையில் இருந்தார், முப்பது வயதை ஒட்டித்தான் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார், வந்து ஆசிய டூர் என்கிற போட்டித் தொடரில் மூன்று வருஷம் முதலிடம் பிடித்தார். பணக்காரர் கிளப்பில் அவரை உள்ளே விட்டிருப்பார்களா என்பது வேறு கதை.

பெரிய வளர்ச்சி வந்தது எண்பதுகளின் கடைசியில். 1985க்குப் பிறகு ஜப்பான் யென் ஏறிய ஏற்றத்தில், டோக்கியோவில் கிளப் உறுப்பினர் ஆவதற்குச் சொத்தை விற்க வேண்டியிருந்த காலம் அது. அந்தப் பணமும் ஜப்பான் கம்பெனிகளின் ஆட்களும் தாய்லாந்துக்கு வந்தார்கள். உள்ளூர்ப் பணமும் சேர்ந்துகொண்டது. நெல் வயலையும் மரவள்ளிக் காட்டையும் வளைத்து, நடுவில் பதினெட்டு குழி, சுற்றி வில்லா மனைகள், முன்கூட்டியே உறுப்பினர் சீட்டு. மனையை விற்பதற்காகத்தான் புல்லே. 1997 பிப்ரவரியில் டைகர் வுட்ஸ் பாங்காக்குக்கு வந்து போட்டி ஜெயித்தபோது ஊரே தூக்கிக் கொண்டாடியது, அவருடைய அம்மா தாய்லாந்துக்காரர், காஞ்சனபுரி மாகாணம். (காஞ்சனபுரி என்றால் நமக்கு நினைவு வர வேண்டியது மரண ரயில். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரமாயிரமாகச் செத்த பள்ளத்தாக்கு அது, இன்று அங்கேயும் அழகான கோல்ஃப் ரிசார்ட்டுகள். அதை இங்கே இரண்டு வரியில் எழுதுவதே தப்பு, தனியாக எழுத வேண்டும்.) அதே வருஷம் ஜூலை 2ஆம் தேதி பாட் என்கிற தாய்லாந்து நாணயத்தின் மதிப்பைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று மிதக்கவிட்டார்கள், அது மூழ்கியது, கூடவே பாதி கட்டின கிளப் ஹவுஸ்களும் விற்காத மனைகளும். மனை போனது, புல் நின்றது. வில்லா வாங்க ஆள் இல்லாத மைதானங்கள் நாள்வாடகைக்கு யார் வந்தாலும் சரி என்று கதவைத் திறந்துவிட்டன. கொரியாக்காரர், ஜப்பான்காரர், ஐரோப்பியர், இப்போது நாம். விழுந்த வியாபாரம் எழுந்து நிற்க வெளியூர்க்காரன் தோள் கொடுத்த கதைதான் இன்றைக்கு 250க்கும் மேல் மைதானங்கள் இருக்கிற கதை.

எனக்கே பிடிக்காத ஒரு கணக்கு

பம்ப் ஹவுஸுக்கு வருகிறேன். நாங்கள் போன மைதானத்தில் ஏரி மாதிரி ஒரு குளம், கரையில் தகரக் கூரை போட்ட அறை, உள்ளே நிமிர்ந்து நிற்கிற மூன்று டர்பைன் பம்புகளும் பிரஷரைப் பிடித்து வைக்க ஒரு சின்ன ஜாக்கி பம்பும். நல்ல பராமரிப்பு. கிளாண்டில் சொட்டு ஒழுக்கு இல்லை, பேனலில் ஒரு பல்பு கூட அணையவில்லை, நம் கஸ்டமர்களை அழைத்துப்போய்க் காட்டலாம். காவலுக்கு இருந்த பெரியவர் என்னைத் திருடன் என்று நினைத்துப் பின்னாலேயே வந்தார். என் விசிட்டிங் கார்டைக் கொடுத்து, பம்ப் படத்தைத் தொட்டுக் காட்டியதும் ஸ்டூல் எடுத்துப் போட்டார். தொழில்காரனுக்கு எந்த ஊரிலும் ஒரு ஸ்டூல் உண்டு.

அங்கே உட்கார்ந்துதான் கணக்குப் போட்டேன். பதினெட்டு குழி மைதானத்துக்கு நிலம் சுமார் 150 ஏக்கர். அதில் விடாமல் தண்ணீர் பாய்ச்சுகிற புல் 25 ஹெக்டேர் என்று வையுங்கள். வெயில் காலத்தில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் காய்ந்து போகும். 12.5 லட்சம் லிட்டர். நம் ஊர் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நூறு லோடு, ஒரு ராத்திரிக்கு. இதைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும், எனக்கும் எரிந்தது. சரி, அதோடு நிறுத்தியிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. அதே 150 ஏக்கரில் கோடையில் இரண்டாம் போகம் நெல் போட்டிருந்தால்? ஏக்கருக்கு 1,200 மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 48 லட்சம் லிட்டர், 150 ஏக்கருக்கு 72 கோடி. மழையில்லாத ஐந்து மாதத்துக்கு அந்தப் புல் குடிப்பது 19 கோடிக்குக் கொஞ்சம் கீழே. கால்வாசி.

மாப்பிள்ளையிடம் இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் காலத்துக்கும் வாழ முடியாது. நெல் சோறாகிறது, புல்லை வெட்டிக் கொட்டுகிறார்கள், இதையும் அதையும் ஒரே தட்டில் வைக்காதே என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். பூஞ்சைக்கு அடிக்கிற மருந்து, உரம், அது வடிந்து போகிற ஓடை, அதெல்லாம் என் கணக்கில் வரவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் இத்தனை நாள் அளவை வைத்துத்தானே சண்டை போட்டேன்? அளவு என் பக்கம் நிற்கவில்லை என்றால் மிச்சம் என்ன? யோசித்தால் மிச்சம் இருப்பது முறை. யார் முதலில், யார் அப்புறம் என்பது. 2015 வறட்சியில் சாவோ பிரயா ஆற்றுப் படுகை விவசாயிகளிடம் நடவைத் தள்ளிப்போடுங்கள் என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டது. டெல்டாக்காரனிடம் மேட்டூர் திறக்காது, பொறு என்று சொல்வது போலத்தான். அந்த மாதிரி வருஷத்தில் விவசாயி சும்மா இருக்க, பக்கத்தில் ஸ்பிரிங்க்ளர் சுற்றினால், அது எத்தனை லிட்டராக இருந்தால் என்ன.

நிலமும் அப்படித்தான். பாங்காக்குக்கு வடக்கே பதும் தானியில் ஆல்பைன் என்று பெயர்போன ஒரு மைதானம், 2000இல் டைகர் வுட்ஸ் அங்கே ஒரு போட்டி ஜெயித்தார். அந்த நிலம் ஒரு மூதாட்டி புத்த விகாரைக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது. அறக்கட்டளை கைக்கு மாறி, 1990இல் கம்பெனிக்கு விற்று, கோல்ஃப் மைதானமாகி, பிறகு முன்னாள் பிரதமர் தக்சினின் குடும்பத்தின் கைக்குப் போனது. விகாரை நிலத்தை விற்றதே செல்லாது என்று பல வருஷம் இழுத்து, 2025 ஜனவரியில்தான் பட்டா மாற்றத்தை ரத்து செய்து உத்தரவு போட்டார்கள். கோயில் நிலம் எப்படியெல்லாம் கைமாறும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எதிர்த்திசையிலும் ஒன்று நடந்திருக்கிறது: பாங்காக் நடுவில் சதுசாக் பக்கம் ரயில்வேக்குச் சொந்தமான கோல்ஃப் மைதானம் ஒன்றை எடுத்துப் பொதுப் பூங்காவாக்கிவிட்டார்கள், 2002இலிருந்து சாயங்காலம் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகின்றன. கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கரை 2024இல் அரசு எடுத்தபோது, உள்ளே இருந்த கோல்ஃப்காரர்கள் புலம்பினார்கள் அல்லவா, அப்போது எனக்கு இந்தப் பூங்கா தெரிந்திருந்தால் மாப்பிள்ளையிடம் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியிருப்பேன்.

அர்ச்சனை யார் பெயருக்கு

இதுவரை சொன்னதெல்லாம் வாசித்தும் கேட்டும் எப்படியும் வந்து சேரக்கூடிய விஷயம். நான் எதிர்பார்க்காதது கேடிகள் (போலீஸ் லிஸ்ட் கேடி அல்ல, மட்டைப் பை தூக்குகிறவர்கள்). தாய்லாந்தில் பெரும்பாலான மைதானங்களில் கேடி இல்லாமல் ஆட விடமாட்டார்கள், ஆளுக்கு ஒருவர் கட்டாயம். கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். ஒரு மைதானத்தில் இருநூறு முந்நூறு பேர் இருப்பது சாதாரணம். முழுக்கைச் சட்டை, கையுறை, கழுத்து வரை துணி தொங்குகிற அகலத் தொப்பி, முகத்தில் கண் மட்டும் தெரியும். முதுகில் நம்பர். வரிசைப்படி கூப்பிடுவார்கள், வரிசை வராத நாளில் வருமானம் இல்லை. மாதச் சம்பளம் என்பதும் அநேகமாகக் கிடையாது, சுற்றுக்கு இவ்வளவு, அப்புறம் டிப்ஸ்.

மாப்பிள்ளைக்கு வந்தவர் 47ஆம் நம்பர். நாற்பது வயதைத் தாண்டியவர், அவனைவிட மூத்தவர். முதல் குழியில் அவன் மூன்று அடி அடிப்பதைப் பார்த்தார், அவ்வளவுதான், அவன் எந்த மட்டையில் எவ்வளவு தூரம் போவான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அவன் தூரத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவதற்கு முன்னாலேயே சரியான மட்டை கையில் வந்து நின்றது. அவன் ஒன்று கேட்பான், அவர் தலையை ஆட்டிவிட்டு வேறொன்றைக் கொடுப்பார், அதுதான் சரியாக இருக்கும். பந்து காட்டுக்குள் போனால் அவன் வலதுபக்கம் தேடுவான், அவர் நேராக இடதுபக்கம் நடந்து போய்க் காலால் காட்டுவார். அவன் மட்டை பட்டுப் பெயர்ந்த புல்லில் மணல் போட்டு மிதித்துவிட்டு ஓடி வந்து வண்டியை ஓட்டுவதும் அவர்தான்.

புட்டிங்கில், அதாவது பந்தைக் குழிக்குள் தட்டிவிடுகிற கடைசிக் கட்டத்தில், நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. குழியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி. 47ஆம் நம்பர் பந்தை எடுத்து ஈரத் துண்டில் துடைத்தார். குழிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், பந்துக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். புல் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று ஷூவால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பந்தின் மேல் அச்சடித்த கோடு இருக்கும், அந்தக் கோட்டைக் குழிக்கு நேராக வைக்காமல் இரண்டு பந்து அகலம் இடதுபக்கம் பார்க்க வைத்தார். "லெஃப்ட், டூ பால். நோ ஸ்ட்ராங்" என்றார். மாப்பிள்ளை கோட்டின் மேலேயே தட்டினான். பந்து இடப்பக்கமாகவே போய், கடைசி இரண்டு அடியில் மனசு மாறிய மாதிரி வலதுபக்கம் வளைந்து உள்ளே விழுந்தது. பேர்டி (அந்தக் குழிக்கு வைத்த கணக்கைவிட ஓர் அடி குறைவு)! நான்கு பேரும் கத்திக் கையைத் தட்டிக்கொண்டார்கள். அவரும் கையை நீட்டினார், அவருக்கும் ஒரு தட்டு. ராத்திரி சாப்பாட்டில் அந்த பேர்டியை அவன் மூன்று தடவை சொன்னான், ஒரு தடவை கூட 47ஆம் நம்பர் கதைக்குள் வரவில்லை. கோயிலில் அர்ச்சனை நம் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும்தான் நடக்கிறது, மந்திரம் சொல்கிறவர் ஐயர் என்பதற்காக யாரும் அதை அவர் வேண்டுதல் என்று சொல்வதில்லை, சரிதான். ஆனால் நாலு மணிநேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு, அன்றைக்கு அங்கே கோல்ஃப் ஆடியது யார் என்பதில் சந்தேகமே இல்லை. என் மாப்பிள்ளை கையை மட்டும் கொடுத்தான்.

தாய்லாந்து கோல்ஃப் ஏன் வளர்ந்தது என்ற கேள்விக்கு அங்கேதான் எனக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. வெயில் துபாயிலும் உண்டு. புல் எங்கே வேண்டுமானாலும் வளரும், நான் பம்ப் தருகிறேன். கோல்ஃபில் குறைய அடித்து முடிப்பவன்தான் கெட்டிக்காரன். நம் ஊர் கிளப்பில் ஒரு சுற்றுக்கு நூற்றுப் பத்து அடி அடிக்கிறவன் அங்கே தொண்ணூற்றைந்தில் முடித்துவிட்டு, நமக்கு ஆட்டம் வந்துவிட்டது என்று ஊருக்குத் திரும்புகிறான், அடுத்த சீசனுக்கு மறுபடி டிக்கெட் போடுகிறான். அந்தப் பதினைந்து அடி யாருடையது?

சுரினில் ஒரு வயல்

முன்னால் ஆடுகிறவர்கள் நகராததால் ஒரு குழியில் வெகுநேரம் நின்றோம். வண்டியில் நானும் 47ஆம் நம்பரும். போனில் மொழிபெயர்க்கிற செயலியை வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். சொந்த ஊர் சுரின், கம்போடியா எல்லைப்பக்கம், ஈசான் பிரதேசம். வீட்டில் என்ன தொழில் என்றேன். நெல். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தண்ணீர்? மழைதான், கால்வாய் இல்லை, ஒரு போகம். அப்படியென்றால் இங்கே இவ்வளவு தண்ணீர் புல்லுக்குப் போவதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும் என்று கேட்டேன். கேட்ட எனக்கே அது கொஞ்சம் பத்திரிகைக்காரன் கேள்வியாகத்தான் பட்டது, ஆனால் பதில் எனக்கு வேண்டியிருந்தது.

அவர் செயலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேள்வி புரியவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பப் போனேன். புரிந்துதான் இருந்தது. நிதானமாகப் பேசினார். செயலி அதைத் தன் இஷ்டத்துக்கு உடைத்துக் கொடுத்தது, நான் ஒட்டவைத்துச் சொல்கிறேன். மழை வந்தால் நீங்கள் யாரும் ஆட வரமாட்டீர்கள், நான் ஊருக்குப் போய் நடவு நடுவேன். நவம்பரில் அறுப்பு முடியும், அப்போது மழையும் நிற்கும், நீங்கள் வருவீர்கள், நானும் வந்துவிடுவேன். போன வருஷம் உரத்துக்கும் உழவு வண்டி வாடகைக்கும் இங்கிருந்துதான் பணம் போனது. நெல் விற்று அது வராது. அப்புறம் கையால் புல்லைக் காட்டி ஒன்று சொன்னார், செயலி அதை "இது நல்ல வயல்" என்று காட்டியது. கிண்டலா நிஜமா என்று கேட்பதற்குள் முன்னால் இருந்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள், அவர் இறங்கி ஓடினார்.

அதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் கொஞ்சம் கெட்டது. புல்லா நெல்லா என்று இத்தனை நாள் நான் கட்டியிருந்த பட்டிமன்றத்தில் நெல் பக்கத்து ஆள் வந்து புல் பக்கம் உட்கார்ந்துகொண்டால் நடுவர் என்ன செய்வார்? சரியான பதில் ஒன்று உண்டு, அதை நான் உடனே கண்டுபிடித்தேன்: சுரினின் மழைத் தண்ணீர் வேறு, பட்டாயாவின் அணைத் தண்ணீர் வேறு. அவர் வயலுக்கு இந்தப் புல் போட்டி இல்லை. போட்டி இந்தப் பக்கத்துப் பழத்தோட்டக்காரனுக்கும் ஊர்க் குழாய்க்கும்தான். 2005இல் இந்தக் கிழக்குக் கடற்கரை அணைகள் வறண்டு, தொழிற்சாலைகளே தண்ணீருக்குத் திண்டாடியிருக்கின்றன. நெல் விற்ற காசில் உரம் வாங்க முடியாத நிலைமைக்கு கோல்ஃப் மருந்தாகிவிடாது என்றும் சொல்லலாம். எல்லாம் சரி. ஆனால் இதில் எதையும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரிடம் சொல்லும்படியாக எனக்கு இல்லை. 1993 ஏப்ரல் 29ஐ உலக கோல்ஃப் இல்லா நாள் என்று மலேசியா, தாய்லாந்து, ஜப்பான் இயக்கங்கள் சேர்ந்து அறிவித்தார்கள், அவர்கள் சொன்ன நிலம், தண்ணீர், மருந்து மூன்றும் இன்றைக்கும் உண்மை. அதில் கையெழுத்துப் போடச் சொன்னால் இன்றைக்கும் போடுவேன். போட்டுவிட்டு 47ஆம் நம்பருக்கு என்ன வழி என்ற பத்தியை யார் எழுதுவது என்று தேடுவேன்.

ஆடுகிறவர்கள் பக்கமும் அந்தப் பத்தியை யாரும் எழுதவில்லை. கொரோனா காலத்தில் மைதானங்களை மூடியபோது முதலில் நின்றது சுற்றுக்குக் கூலி வாங்குகிறவர்களின் வருமானம். 2021 தொடக்கத்தில், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தனிமைப்படுத்தல் காலத்தை கோல்ஃப் ரிசார்ட்டிலேயே ஆடிக் கழிக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டுக் கொரியாக்காரர்களை வரவழைத்தார்கள். எத்தனை முயற்சி பாருங்கள், விளையாட்டு நிற்கக்கூடாது என்பதற்கு.

அந்த நாட்டுப் பெண்கள் கோல்ஃபில் உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியிருக்கிறார்கள், அதையும் சொல்லாமல் விடக்கூடாது. அரியா ஜுதானுகார்ன், பாங்காக் பக்கம் ஒரு மைதானத்தில் மட்டை விற்கிற கடை வைத்திருந்தவரின் மகள். 2013இல் பட்டாயாவில், 17 வயதில், கடைசிக் குழிக்கு இரண்டு அடி முன்னிலையில் வந்து, அந்த ஒரு குழியில் மூன்று அடி கூடுதலாகச் செலவழித்துத் தோற்றார். சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால். பிறகு 2016இல் பிரிட்டிஷ் ஓப்பன், 2017இல் உலக முதலிடம், 2018இல் அமெரிக்க ஓப்பன், 2021இல் அதே பட்டாயாப் போட்டியிலும் ஜெயித்தார். அடுத்து வந்த அத்தாயா திதிகுல் 2022இல் 19 வயதில் முதலிடம். ஹுவா ஹின்னில் ராஜா ஆடிய ஆட்டம் நூறு வருஷத்தில் இந்தப் பெண்களின் கைக்கு வந்திருக்கிறது என்பதில் எனக்குக் கூட ஒரு சந்தோஷம் உண்டு, புல்லின் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும்.

டிப்ஸ்

ஆட்டம் முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. மட்டைகளைப் பையிலிருந்து எடுத்து எண்ணிக் காட்டுவார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் ஸ்லிப்பில் கையெழுத்துப் போட வேண்டும், போனில் போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள். ஒரு மட்டை குறைந்தால் பழி அவர்கள் தலையில். அதன் பிறகு டிப்ஸ். எங்கள் ஸ்லிப்பில் மைதானக் கட்டணம் 3,000 பாட்டை ஒட்டி, வண்டி 700, கேடி கட்டணம் 400. டிப்ஸ் 400 கொடுப்பது வழக்கம் என்று ஏற்பாட்டாளர் முன்னாலேயே சொல்லியிருந்தார். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டு, கட்டணத்திலேயே 400 போய்விட்டதே, டிப்ஸ் 200 போதும், நாம் கூடக் கொடுத்துப் பழக்கினால் பின்னால் வருகிறவர்களுக்குக் கஷ்டம் என்று ஆரம்பித்தார். ராத்திரி அவர் குடித்த விஸ்கிக்கு இப்படி யாரும் பஞ்சாயத்து வைக்கவில்லை. மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் 500ஐ எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான், அந்த விஷயத்தில் அவன் நல்ல பிள்ளை.

வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பலருக்கு இந்தக் கட்டாயக் கேடி முறை பிடிப்பதில்லை. எங்களுக்கு வேண்டாம், வண்டியில் தூரம் காட்டுகிற திரை இருக்கிறது, பணம் மிச்சம் என்கிறார்கள். எங்கள் கூட்டத்திலும் அப்படி இரண்டு பேர். திரும்பி வருகிற விமானத்தில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள், நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். புல் வேண்டாம் என்று சொல்கிற நான், கேடி கட்டாயம் இருக்க வேண்டும் என்று அவர்களோடு சண்டை போட்டேன். "மாமா, நீங்க எந்தக் கட்சி?" என்றான் மாப்பிள்ளை. மைதானம் இருக்கிறவரைக்கும் நான் 47ஆம் நம்பர் கட்சி, அவருக்கு மாதச் சம்பளமும் காப்பீடும் கேட்கிற கட்சி, புது மைதானம் போட வந்தால் எதிர்க்கட்சி என்றேன். இது கட்சியே இல்லை, கூட்டணி என்றான் அவன். இருக்கட்டும். டிசம்பருக்கு அடுத்த டிரிப்புக்கு லிஸ்ட் போட்டுக்கொண்டிருக்கிறான், டிப்ஸ் 500 என்று முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன், 200 ஆசாமி அதைப் பார்த்துவிட்டு குரூப்பில் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.